பழவேற்காட்டுப் பேரேடும் பல்கலைக்கழகக் கணக்கும்

ஏரி ஆய்வுக்குச் செல்லும் படகு ஒன்றுக்கு 2,000 ரூபாய்க்கு டீசல் வாங்கப்படுகிறது. வாங்கியது ஒரு பல்கலைக்கழகம். ரசீது கணக்கு அலுவலகத்துக்கு வந்து சேருகிறது. அதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது? ‘எரிபொருள்’ என்றா? ‘மீன் உயிரியல் துறை’ என்றா? ‘ஆராய்ச்சி’ என்றா? ‘மைய அரசின் நல்கை’ என்றா?

நான்கு விடைகளும் சரியே. ஆனால் ஒரு தலைப்பில் மட்டும் எழுதினால், மற்ற மூன்று செய்திகளும் அந்த நொடியிலேயே மறைந்து போகின்றன. ஆண்டு முடிவில், “ஆராய்ச்சிக்கு எவ்வளவு செலவாயிற்று?” என்று கேட்டால், ‘எரிபொருள்’ என்று எழுதிய ஏடு வாய் திறக்காது. ஆகவே செலவு செய்வதற்கு முன்பே, எந்தெந்தத் தலைப்புகள் வேண்டும், அவை எந்த வரிசையில் நிற்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் என்ன எண் என்று முடிவு செய்தாக வேண்டும். இதற்குக் கணக்குத் தலைப்புப் பட்டியல் அமைத்தல் என்று பெயர்.

இது எழுத்தர்களின் வேலைதானே என்று நீங்கள் நினைக்கலாம். அவ்வாறன்று. கணக்கு ஏடு என்பது ஒரு கருவி. தொலைநோக்கியைப் போல, அதுவும் தன் அமைப்புக்கு எட்டியதையே காட்டும். தலைப்பு இல்லாத பொருள் அந்த ஏட்டின் கண்ணுக்குப் புலப்படாது. இதை விளங்கிக்கொள்ளத் தமிழ்நாட்டுக் கடற்கரையிலேயே ஒரு பழைய எடுத்துக்காட்டு உண்டு. அதற்காக நாம் நானூறு ஆண்டுகள் பின்னோக்கிப் பழவேற்காட்டுக்குச் செல்ல வேண்டும்.

ஏரிக்கரையில் ஒரு கோட்டை

சென்னைக்கு வடக்கே, கடலுக்கும் உப்பங்கழிக்கும் இடையில் அமைந்த ஊர் பழவேற்காடு. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் உள்ளது. தென்பகுதியும் கடலோடு சேரும் முகத்துவாரமும் தமிழ்நாட்டில் உள்ளன. இங்கு 1610ஆம் ஆண்டில் வணிகம் செய்ய, விசயநகர மன்னர் வேங்கடபதி தேவராயர் டச்சுக்காரருக்கு உரிமை அளித்தார். 1612இல் சாந்தோமிலிருந்து வந்த போர்த்துக்கீசியர் அவர்களுடைய பண்டகசாலையைத் தாக்கினர். 1613இல் டச்சுக்காரர் அங்கே கெல்ட்ரியா என்னும் கோட்டையைக் கட்டி முடித்தனர். 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாற்றப்படும் வரை, சோழமண்டலக் கரையில் டச்சுக் கிழக்கிந்திய நிறுவனத்தின் தலைமை நிலையமாகப் பழவேற்காடே விளங்கியது. இன்று அங்கே கோட்டை இல்லை. புதர் மண்டிய மேடுதான் இருக்கிறது. டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் எஞ்சி நிற்கிறது.

அவர்கள் இங்கு வந்தது முதன்மையாகத் துணிக்காக. மொலுக்காத் தீவுகளில் கிராம்பும் பாந்தாவில் சாதிக்காயும் விளைந்தன. அவற்றை விற்ற தீவு மக்கள் ஐரோப்பியப் பண்டங்களை அவ்வளவாக விரும்பவில்லை. சோழமண்டலத் துணியை விரும்பினர். எனவே துணி இல்லாமல் நறுமணப் பொருள் இல்லை. இந்தக் கரையில் நெய்த துணி கிழக்கே போயிற்று. கிழக்கிலிருந்து நறுமணப் பொருள்களும் சப்பானியச் செம்பும் இங்கு வந்தன.

பழவேற்காட்டுக் கோட்டையில் வெடிமருந்து செய்யும் ஆலை இருந்தது. நாணயச் சாலையும் இருந்தது. காவலுக்குப் படைவீரர் இருந்தனர். வணிகர்களுக்கு முன்பணம் கொடுக்க வேண்டும். அவர்கள் வழியே அது நெசவாளரைச் சென்றடையும். கப்பல்களைப் பழுதுபார்க்க வேண்டும். அரசர்க்கும் அதிகாரிகளுக்கும் பரிசில்கள் வழங்க வேண்டும். இத்தனையும் எழுதியாக வேண்டும். எழுதியதை ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இருப்பவர் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். இதுதான் அந்த நிறுவனத்தின் பெரும் சிக்கல்.

பேரேட்டின் உள்ளே

அவர்கள் கையாண்டது இரட்டைப் பதிவு முறை. ஒவ்வொரு நிகழ்ச்சியையும் இரண்டு தலைப்புகளில் எழுதுவது இதன் இயல்பு. துணி வாங்கினால், துணிக் கணக்கில் பற்று. ரொக்கக் கணக்கில் வரவு. ஒரு கை கொடுக்க, மற்றொரு கை வாங்குகிறது. எல்லாப் பற்றுகளின் கூட்டுத்தொகையும் எல்லா வரவுகளின் கூட்டுத்தொகையும் எப்போதும் சமமாக இருக்கும். இத்தாலிய வணிகர் நெடுங்காலம் வழங்கிவந்த இம்முறையை, 1494இல் வெனிசு நகரில் லூக்கா பாச்சோலி என்னும் கணித ஆசிரியர் அச்சு நூலில் விளக்கினார்.

டச்சு நாட்டில் இதற்கு ஆதரவாக நின்றவர் சைமன் ஸ்டெவின். பதின்மப் பின்னங்களைப் பற்றி 1585இல் எழுதிய அதே ஸ்டெவின்தான். வணிகர்க்கு உரிய இம்முறையை அரசின் கணக்குகளுக்கும் பயன்படுத்தலாம் என்று அவர் இளவரசர் மாரிசுக்கு விளக்கினார். 1600இல் லெய்டன் பல்கலைக்கழகத்தை ஒட்டித் தொடங்கப்பட்ட பொறியியல் பள்ளிக்குப் பாடத்திட்டம் வகுத்தவரும் அவரே. அப்பள்ளியில் இலத்தீனில் அன்று, மக்கள் பேசும் டச்சு மொழியிலேயே பாடம் நடந்தது. தாய்மொழியில் அறிவியல் பயிலும் நமக்கு இது மகிழ்ச்சி தரும் செய்தியல்லவா?

இனி, ஒரு வணிக நிலையத்தின் பேரேட்டைப் புரட்டுவோம். அதன் தலைப்புகளை நான்கு கூட்டங்களாகப் பிரிக்கலாம். முதலாவது, பொருள்கள்: துணி வகைகள், கிராம்பு, சாதிக்காய், செம்பு என ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு. இரண்டாவது, ஆட்கள்: முன்பணம் பெற்ற வணிகர், கடன்பட்டோர், கடன் கொடுத்தோர். மூன்றாவது, செலவுகள்: சம்பளம், உணவுப்படி, கப்பல் செலவு, கோட்டைச் செலவு, பரிசில். நான்காவது, பிற நிலையங்கள்.

நான்காவது கூட்டம் நுட்பமானது. பழவேற்காடு பத்தாவியாவுக்குத் துணி மூட்டைகளை அனுப்புகிறது. (பத்தாவியா என்பது இன்றைய சகார்த்தா. 1619 முதல் ஆசியாவில் நிறுவனத்தின் தலைநகர் அதுவே.) அனுப்பிய நாளில் பழவேற்காட்டுப் பேரேட்டில் ‘பத்தாவியா’ என்ற கணக்கில் பற்று எழுதப்படும். மூட்டைகள் போய்ச் சேர்ந்ததும் பத்தாவியாப் பேரேட்டில் ‘சோழமண்டலம்’ என்ற கணக்கில் வரவு எழுதப்படும். இரண்டும் கண்ணாடியில் எதிரெதிராகத் தெரியும் உருவங்கள் போன்றவை. இரண்டும் ஒத்துப்போகவில்லையென்றால், சரக்கு இன்னும் கடலில் இருக்கிறது. அல்லது கப்பல் மூழ்கிவிட்டது. அல்லது யாரோ தவறாக எழுதிவிட்டார்கள். நூற்றுக்கணக்கான கிளைகளைக் கொண்ட இன்றைய வங்கிகளும் தம் கிளைக் கணக்குகளை இதே கருத்தின்படிதான் ஒத்துப்பார்க்கின்றன.

ஆண்டுதோறும் ஒவ்வொரு நிலையமும் தன் ஏடுகளின் படியைப் பத்தாவியாவுக்கு அனுப்பியது. அங்கே தலைமைக் கணக்கர் அவற்றைச் சேர்த்துப் பொதுப் பேரேட்டை எழுதினார். அவருடைய கணக்காண்டு ஆகசுட்டு 31இல் முடிந்தது. பழவேற்காட்டுக் கடைத்தெருவில் புழங்கியவை வராகனும் பணமும் காசும். ஏட்டில் எழுத வேண்டியதோ கில்டரில்: ஒரு கில்டருக்கு 20 ஸ்டைவர், ஒரு ஸ்டைவருக்கு 16 பென்னிங். ஒரே வகைத் தலைப்புகளும் ஒரே நாணய அளவும் இல்லாவிட்டால், சப்பான் முதல் பாரசீகம் வரை பரவியிருந்த நிலையங்களின் கணக்குகளை ஒன்றாகக் கூட்டியிருக்க முடியாது. அந்தக் காலத்துக்கு இது பெரும் சாதனை என்பதில் ஐயமில்லை.

பட்டியலுக்கு எட்டாதவை

ஆனால் இந்தக் கருவிக்கும் குருட்டுப் பக்கங்கள் இருந்தன.

முதலாவது, இலாபம் எங்கே தோன்றுகிறது என்ற கேள்வி. துணியைப் பழவேற்காட்டில் வாங்குகிறார்கள். கிழக்குத் தீவுகளில் விற்கிறார்கள். வாங்கிய இடத்தில் கோட்டையும் காவலும் சம்பளமும் செலவாகத் தெரியும். விற்ற இடத்தில்தான் அந்தத் துணியின் இலாபம் தெரியும். நிலையம் நிலையமாகப் பிரித்து எழுதிய பேரேடு, “இந்த ஊரில் எவ்வளவு இலாபம்?” என்ற கேள்விக்கு எண் தரும். “இந்த வணிகத்தில், தொடக்கம் முதல் முடிவு வரை எவ்வளவு இலாபம்?” என்ற கேள்விக்கு நேராக விடை தராது. இடத்தை வைத்துப் பிரித்த பட்டியலிடம் பொருளை வைத்துக் கேள்வி கேட்டதனால் வந்த இடர் இது.

இரண்டாவது, நிறுவனத்துக்கு இரண்டு கணக்குலகங்கள் இருந்தன. ஒன்று ஆசியாவில், பத்தாவியாவைத் தலைமையாகக் கொண்டது. மற்றொன்று டச்சு நாட்டில், ஆறு நகர அவைகளின் கையில் இருந்தது. இரண்டின் தலைப்புகளும் வேறு. கணக்காண்டின் முடிவும் வேறு. நெடுங்காலம் ஆசியக் கில்டரின் மதிப்பும் தாய்நாட்டுக் கில்டரின் மதிப்பும்கூட வேறாக இருந்தன. இவ்விரண்டையும் சேர்த்து முழு நிறுவனத்துக்கும் ஒரே ஐந்தொகை எடுக்கும் வழக்கம் ஏற்படவேயில்லை. 1602இல் பிறந்த நிறுவனம் 1799இல் கலைக்கப்பட்டது. அதன் வீழ்ச்சிக்கு 1780 முதல் 1784 வரை இங்கிலாந்தோடு நடந்த போர், பெருகிய கடன் எனப் பல காரணங்கள் உண்டு. எல்லாப் பழியையும் கணக்கின் மேல் போடுவது முறையாகாது. ஆயினும், தன் நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று காட்டும் ஒரே ஏடு அந்த நிறுவனத்திடம் இருந்ததில்லை.

மூன்றாவது, எண்ணிப் பார்க்கவே நெஞ்சு பதறுவது. பழவேற்காட்டிலிருந்து துணி மட்டும் போகவில்லை, மனிதர்களும் போனார்கள். பஞ்சமும் போரும் வந்த ஆண்டுகளில் இக்கரையில் மக்கள் அடிமைகளாக விற்கப்பட்டனர். டச்சு நிறுவனம் அவர்களை வாங்கிக் கப்பலேற்றியது. 1622, 1623 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டும் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் போன்ற துறைகளிலிருந்து ஏறத்தாழ 1,900 பேர் அனுப்பப்பட்டனர். பணம் இருந்திருந்தால் இன்னும் 2,000 பேரை வாங்கியிருக்கலாம் என்று அதிகாரிகள் தெரிவித்தனர்.

இவர்கள் ஏட்டில் எங்கே எழுதப்பட்டார்கள்? சரக்குகளோடு. இத்தனை தலை, இவ்வளவு விலை. அவர்களுடைய பெயருக்கு அங்கே இடம் இல்லை. ஊருக்கும் உறவுக்கும் இடம் இல்லை. வழியில் இறந்தால் அது சரக்கு இழப்பு. கூட்டல் கழித்தலில் ஒரு பென்னிங்கும் தவறாத அந்தப் பேரேடு, கணக்கு விதிகளின்படி முற்றிலும் சரியாகவே இருந்திருக்கும். பற்றும் வரவும் சமமாக இருப்பதாலேயே ஒரு கணக்கு நேர்மையானது என்று சொல்லிவிட முடியுமா? தலைப்புகளை வகுத்தவர் எதைப் பொருள் என்றார், எதைச் செலவு என்றார், எதை எழுதவே வேண்டாம் என்று விட்டார் என்பதையும் நாம் பார்க்க வேண்டும் அல்லவா?

பெயரிலிருந்து எண்ணுக்கு

இனி நம் காலத்துக்கு வருவோம். இந்திய அரசின் கணக்குகள் எந்த வடிவில் இருக்க வேண்டும் என்பது அரசியலமைப்பின் 150ஆம் பிரிவுப்படி முடிவு செய்யப்படுகிறது. ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்து வந்த பழைய தலைப்புகள் பெரும்பாலும் அரசுத் துறைகளைத் தழுவியவை. எந்தத் துறை செலவிட்டது என்று அவை சொல்லும். எந்தப் பணிக்காக என்று தெளிவாகச் சொல்லா. ஐந்தாண்டுத் திட்டங்கள் வந்தபின் இந்தக் குறை பெரிதாகத் தெரிந்தது. எனவே 1974 ஏப்பிரல் 1 முதல் பணியை அடிப்படையாகக் கொண்ட புதிய வகைப்பாடு நடைமுறைக்கு வந்தது. 1987 ஏப்பிரல் 1 முதல் அது ஆறு அடுக்குகள் கொண்டதாகத் திருத்தப்பட்டது. பெருந்தலைப்புகளுக்கு நான்கு இலக்க எண்கள் அளிக்கப்பட்டன.

இந்த எண்களில் ஓர் அழகான ஒழுங்கு இருக்கிறது. மீன்வளத்தை எடுத்துக்கொள்வோம்:

0405 – மீன்வளத்தால் வரும் வருவாய்
2405 – மீன்வளத்துக்கான நடைமுறைச் செலவு
4405 – மீன்வளத்துக்கான மூலதனச் செலவு
6405 – மீன்வளத்துக்குக் கொடுத்த கடன்

முதல் இலக்கம் பணத்தின் தன்மையைச் சொல்கிறது; மற்ற மூன்றும் பணியைச் சொல்கின்றன. வருவாய் எண்ணோடு 2,000 கூட்டினால் நடைமுறைச் செலவு. மேலும் 2,000 கூட்டினால் மூலதனச் செலவு. இன்னும் 2,000 கூட்டினால் கடன். கல்விக்கும் இவ்வாறே. 2202 என்பது பொதுக்கல்வி. அதன் கீழ் 03 என்பது பல்கலைக்கழகம் மற்றும் உயர்கல்வி. அதன் கீழ் 102 என்பது பல்கலைக்கழகங்களுக்கான உதவி. ஆகவே 2202-03-102 என்று கண்டால், எந்த மாநில வரவுசெலவுத் திட்டமாக இருந்தாலும் அது எதைக் குறிக்கிறது என்று நீங்கள் சொல்லிவிடலாம்.

இந்த ஒழுங்கிலும் ஓர் ஓட்டை உண்டு. 800 என்னும் சிறுதலைப்புக்கு ‘இதர செலவு’ என்று பொருள். எங்கும் பொருந்தாததை இங்கே எழுதலாம் என்பது நோக்கம். ஆனால் பொருந்தும் தலைப்பு இருக்கும்போதே பெருந்தொகைகளை 800இல் எழுதிவிடும் வழக்கத்தை இந்தியத் தணிக்கைத்துறை தன் அறிக்கைகளில் பலமுறை குறை கூறியுள்ளது. வீட்டில் எல்லாவற்றையும் போட்டுவைக்கும் மூலையறையைப் போன்றது ‘இதர’. அது வேண்டும், ஆனால் அதுவே வீட்டில் பெரிய அறையாகிவிடக் கூடாது.

ஒரு பல்கலைக்கழகத்துக்குப் பட்டியல் வகுப்போம்

2012இல் தமிழ்நாட்டில் மீன்வளத்துக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அதன் தலைமையிடம் நாகப்பட்டினம். அதன் கல்லூரிகளில் ஒன்று பழவேற்காட்டுக்கு அண்மையில் உள்ள பொன்னேரியில் இருக்கிறது. டச்சுப் பேரேடுகள் இருந்த இரண்டு ஊர்களின் பெயர்களும் மீண்டும் இப்படி இணைந்து வருவது வியப்புத்தான். அந்தப் பல்கலைக்கழகத்தின் கணக்கு முறையை இங்கே ஆராயப் போவதில்லை. அதுபோன்ற ஒரு பல்கலைக்கழகத்தைக் கற்பனை செய்துகொண்டு, அதற்கு ஒரு தலைப்புப் பட்டியலை நாமே வகுத்துப் பார்ப்போம்.

முதற்படி எளிது. சொத்துகள், பொறுப்புகள், நிதிகள், வருவாய், செலவு என ஐந்து பெரும் பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு முதல் இலக்கம் கொடுக்கலாம். 1இல் தொடங்கினால் சொத்து. 5இல் தொடங்கினால் செலவு.

இரண்டாம் படியில்தான் டீசல் ரசீது நம்மை மடக்குகிறது. 40 துறைகள் இருக்கின்றன. 30 செலவு வகைகள் இருக்கின்றன. பணம் வரும் ஊற்றுகள் 20: மாநில அரசின் மானியம், மைய அரசின் நல்கைகள், மாணவர் கட்டணம், அறக்கட்டளைகள் முதலியன. பணிகள் 5: கற்பித்தல், ஆராய்ச்சி, விரிவாக்கம், மாணவர் நலம், நிருவாகம். எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் அடுக்கினால் எத்தனை தலைப்புகள் வேண்டும்? 40 × 30 × 20 × 5 = 1,20,000. எந்த எழுத்தராலும் அதைப் பயன்படுத்த முடியாது. முடியாதபோது அவர் என்ன செய்வார்? ‘இதர’வில் எழுதிவிடுவார்.

இதே சிக்கலை வேறோர் இடத்தில் தீர்த்தவர் ஒரு தமிழர். சீர்காழியில் 1892இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன், சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர்; 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். நூல்களை வகைப்படுத்த அப்போது இருந்த முறைகளில், உலகத்துப் பொருள்களையெல்லாம் முன்கூட்டியே ஒரே மரமாகக் கிளை பிரித்து எண் கொடுத்துவிட வேண்டும். புதிய பொருள் பிறந்தால் மரத்தில் இடம் இராது. இங்கிலாந்து சென்றிருந்தபோது, ஒரு கடையில் மெக்கானோ என்னும் விளையாட்டுக் கருவியைக் கண்டதாக அரங்கநாதன் சொல்லியிருக்கிறார். சில பட்டைகளையும் திருகுகளையும் வெவ்வேறு விதமாக இணைத்து எத்தனையோ பொம்மைகளைச் செய்கிறார்கள். நூல் எண்ணையும் ஏன் இப்படிச் செய்யக் கூடாது? இந்த எண்ணத்திலிருந்து வளர்ந்ததே 1933இல் வெளிவந்த கோலன் பகுப்புமுறை. ஒரு நூலுக்குப் பல முகங்கள் உண்டு. ஒவ்வொரு முகத்துக்கும் தனித்தனியே சிறிய பட்டியல் வைத்து, எண்களைப் புள்ளிக்குறிகளால் இணைத்துவிடலாம்.

நம் ரசீதுக்கும் முகங்கள் நான்கு. எனவே நான்கு சிறிய பட்டியல்கள் போதும். 40 + 30 + 20 + 5 = 95 தலைப்புகள். 1,20,000 இடங்களையும் இந்த 95ஐக் கொண்டே குறித்துவிடலாம். எரிபொருளுக்கு 512, மீன் உயிரியல் துறைக்கு 14, மைய அரசின் ஏரி ஆய்வு நல்கைக்கு 07, ஆராய்ச்சிக்கு 2 என்று வைத்துக்கொண்டால், ரசீதின் மேல் 512-14-07-2 என்று எழுதினால் போதும். எந்த முகத்தை வைத்துக் கேள்வி கேட்டாலும் ஏடு விடை சொல்லும். இன்று கணிப்பொறிகளில் இயங்கும் பெரிய நிறுவனக் கணக்கு முறைகள் பலவும் இப்படித்தான் அமைந்துள்ளன. பழவேற்காட்டுப் பேரேட்டில் இடத்தையும் பொருளையும் ஒருசேரக் கேட்க முடியாமற்போன அந்தக் குறை இங்கே நீங்குகிறது.

சாவா மூவாப் பேராடு

நான்கு முகங்களில் வணிக நிறுவனத்துக்கு அவ்வளவாகத் தேவைப்படாமல், பல்கலைக்கழகத்துக்கு இன்றியமையாததாக இருப்பது ஒன்று உண்டு. அதுதான் நிதி, அதாவது பணம் யாருடையது, எதற்காகத் தரப்பட்டது என்னும் முகம்.

வணிகருக்குப் பெட்டியில் இருக்கும் பணமெல்லாம் ஒன்றே. பல்கலைக்கழகத்துக்கு அப்படியன்று. ஒருவர் தம் தாயின் பெயரில் அறக்கட்டளைச் சொற்பொழிவுக்காக ஒரு தொகையைத் தருகிறார். அந்த முதலைத் தொடக் கூடாது. வட்டியை மட்டுமே செலவிடலாம். ஏரி ஆய்வுக்கு வந்த நல்கையைக் கட்டடத்துக்குச் செலவிடக் கூடாது. நல்கை தந்தவர் பயன்பாட்டுச் சான்றிதழ் கேட்பார்.

இக்கருத்தைப் பிறரிடமிருந்து நாம் கடன் வாங்க வேண்டியதில்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் நந்தா விளக்குக்குத் தரப்பட்ட கொடைகளைக் காண்கிறோம். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடுகள். அல்லது 48 பசுக்கள். அல்லது 16 எருமைகள். அவற்றை இடையர் பெற்று வளர்த்து, நாள்தோறும் நெய் அளக்க வேண்டும். ஆடுகள் பெருகினாலும் மடிந்தாலும் கொடையின் எண்ணிக்கை குறையாது. இவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்வெட்டுகள் குறிக்கின்றன. முதல் அழியாமல் விளைவை மட்டும் நுகரும் அறக்கட்டளைக்கு இதைவிடச் சிறந்த பெயர் வேண்டுமா? முதலாம் இராசேந்திரன் காலத்தில் எண்ணாயிரத்தில் 340 மாணவர் பயின்ற கல்லூரியைப் பற்றிய கல்வெட்டும் இத்தகையதே. அதற்கென நிலம் தனியே ஒதுக்கப்பட்டிருந்தது. இளைய மாணவர்க்கு எவ்வளவு நெல், மூத்த மாணவர்க்கு எவ்வளவு, ஆசிரியர்க்கு எவ்வளவு என்று தலைப்புத் தலைப்பாக அது கூறுகிறது.

நிதி என்னும் முகத்தைப் பட்டியலில் சேர்க்காத பல்கலைக்கழகத்தில் என்ன நேரும்? எல்லாப் பணமும் ஒரே குளத்தில் கலக்கும். மானியம் வரத் தாமதமான மாதத்தில் ஆய்வு நல்கையிலிருந்து சம்பளம் போகும். எவரும் திருடவில்லை, கூட்டலும் தவறவில்லை. ஆனால் ஆறு மாதம் கழித்து ஆய்வு மாணவருக்கு உதவித்தொகை தரப் பணம் இராது. அது எங்கே போயிற்று என்று சொல்ல ஏட்டுக்கும் தெரியாது.

பட்டியல் வகுப்போர் மறக்கக் கூடாதவை

பட்டியல் வகுப்பவர் நான்கு விதிகளைக் கைக்கொள்வது நல்லது. ஒன்று, ஒரு செலவுக்கு ஒரு பட்டியலில் ஒரே இடந்தான் இருக்க வேண்டும். ‘அச்சுச் செலவு’, ‘எழுதுபொருள்’ என்று இரண்டு வைத்தால், எது எங்கே அடங்கும் என்ற விளக்கமும் கூடவே வேண்டும். இரண்டு, எண்களுக்கு நடுவே இடம் விட வேண்டும். 510, 520, 530 என்று வைத்தால் நாளை புதியது வரும்போது பழையதைக் கலைக்க வேண்டாம். மூன்று, ஒரு தலைப்பின் பொருளை ஆண்டின் இடையில் மாற்றக் கூடாது. மாற்றினால் சென்ற ஆண்டோடு ஒப்பிடுவது வீணாகும். நான்கு, புதிய தலைப்பைத் தொடங்கும் அதிகாரம் ஓரிடத்தில் இருக்க வேண்டும். ஆனால் என்ன தலைப்பு வேண்டும் என்று சொல்லும் உரிமை எல்லாத் துறைகளுக்கும் இருக்க வேண்டும். படகில் போகிறவருக்குத் தெரிவது, அலுவலகத்தில் அமர்ந்திருப்பவருக்குத் தெரியாமல் போகலாம்.

இந்த நான்காவது விதியின் ஆழத்தைப் பழவேற்காட்டு மீனவர் நன்கு அறிவர். அங்குள்ள சில ஊர்களில் நெடுங்காலமாகப் ‘பாடு’ என்னும் முறை உண்டு. இறால் மிகுதியாகக் கிடைக்கும் நீர்ப்பகுதிகளில் யார் எந்த நாளில் வலை கட்டுவது என்பதை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. நல்ல இடம் ஒருவருக்கே போய்விடாமல் அது காக்கிறது. முறை பெறுவோரின் பட்டியலுக்குத் தலைக்கட்டு என்று பெயர். கணக்கேட்டில் தலைப்பு எப்படியோ, ஏரியில் தலைக்கட்டு அப்படி. பட்டியலில் உள்ளவருக்கு முறை உண்டு, இல்லாதவருக்கு இல்லை. பெண்களுக்கு அதில் இடம் இல்லை. பட்டியலுக்கு வெளியே நிற்கும் ஊரார் தமக்கும் பங்கு வேண்டும் என்று கேட்டதனால் பூசல்களும் எழுந்ததுண்டு. நியாயமாகப் பகிர்வதற்கு ஒரு பட்டியல் வேண்டும். அந்தப் பட்டியலை யார் எழுதினார் என்ற கேள்வியும் கூடவே வரும்.

அன்பார்ந்த வாசகர்களே, உங்கள் ஊராட்சியின் வரவுசெலவையோ, கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டறிக்கையையோ, நீங்கள் பயிலும் கல்லூரியின் கணக்கையோ காணும் வாய்ப்பு வந்தால், கடைசிக் கூட்டுத்தொகையைப் பார்ப்பதற்கு முன் இடப்பக்கத்தில் உள்ள தலைப்புகளைப் படியுங்கள். ‘இதர’ என்பதற்கு நேரே உள்ள தொகை பெரிதா என்று பாருங்கள். நூலகத்துக்கும் ஆய்வகத்துக்கும் தனித் தலைப்பு உண்டா என்று தேடுங்கள். உதவித்தொகைக்கென வந்த நிதி தனியே நிற்கிறதா என்று கேளுங்கள். உங்களுக்கு வேண்டிய தலைப்பு அங்கே இல்லையென்றால், அதைச் சேர்க்கும்படி எழுதிக் கேட்கலாம். இந்தக் கரையிலிருந்து கப்பலேறிய அந்த 1,900 பேருக்கு அப்படிக் கேட்கும் வாய்ப்பு இருந்ததில்லை. நமக்கு இருக்கிறது.